ஐந்து கட்டும் பதினெட்டும்

முதல் வௌவால் வெளியே வந்தபோது மணி ஆறு இருபத்திரண்டு. நேற்று ஆறு இருபத்தொன்று. இன்றைக்கென்று பார்த்து ஒரு நிமிடம் பிந்துகிறது, சனியன், என்று ஆவுடையம்மாள் உதடு அசையாமல் திட்டினாள். உதடு அசைந்தால் எதிர்வீட்டுச் செண்பகம் பார்த்துவிடுவாள், பார்த்தால் என்ன என்று கேட்பாள், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று. தன் வீட்டைப் பார்த்தபடி தெருவின் மறுகரையில், செண்பகத்தின் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அறுபத்து நான்கு வயதில் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இது பத்தாவது சாயங்காலம். முதல் இரண்டு நாளும் நின்றுகொண்டுதான் எண்ணினாள். கழுத்து இழுத்துக்கொண்ட பிறகுதான் நாற்காலி. இரண்டு, மூன்று. முகப்புச் சுவரின் உச்சியில், கடைசி வரிசை ஓட்டுக்குக் கீழே, இரண்டு விரல் நுழைகிற பிளவு. அதிலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன. பறப்பதில்லை, முதலில் கூழாங்கல் மாதிரி விழுகின்றன, தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போதுதான் சிறகு இருப்பது ஞாபகம் வந்ததுபோல விரித்துக்கொண்டு மேலே போகின்றன. கட்டைவிரல் அளவு உடம்பு. இந்தக் கட்டைவிரலுக்காகத்தான் ஒரு மனுஷி வீட்டை விட்டுப் போக வேண்டுமாம். நான்கு. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வாரம் பகலில் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டாள். இல்லை, இந்த ஒரே வாசல்தான். ஏணியைப் பிளவுக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்த்துவிட்டு, அதன் காலடியில் கலவைச் சட்டியும் கம்பி வலையுமாகக் கொத்தனார் முத்துக்குட்டி குந்தியிருந்தான். எல்லாம் வெளியே போனதும் அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவன் ஏறி, வலையை வைத்துப் பூசி அடைத்துவிடுவான். இன்றைக்கு விட்டால் வேறு நாள் கிடையாது. மலைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது, சாரல் தொடங்கிவிட்டால் பூச்சு நிற்காது. சாரல் வராவிட்டாலும் நாளை ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நாளை பதினோரு மணிக்குத் தம்பி சங்கரன் வந்துவிடுவான்.

ஏழு, எட்டு, இரண்டு சேர்ந்து விழுந்தது, பத்து. முதல் நாள் எண்ணியபோது நூற்று நாற்பத்தொன்று. அது கண் பழகாததால் வந்த பிசகு. இரண்டாம் நாள் நூற்று நாற்பத்து மூன்று. மூன்றாம் நாள் நூற்று நாற்பத்து மூன்று. அதன்பிறகு நேற்று வரைக்கும் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. உள்ளே ஏதாவது திரும்பிப் போனால் வலது கையில் ஒரு விரலை மடக்கி, கடைசியில் கழித்துக்கொள்வாள். எண்ணுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு மடியில் பீடித்தட்டை வைத்தவள், அறுபது வயதில்தான் இறக்கினாள். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. பார்க்காமலே, பேசிக்கொண்டே, அழுதுகொண்டேகூடக் கை இருபத்தைந்தில் நின்று நூலைச் சுற்றும். கடையில் சரக்கு எடுக்கிறவன் எல்லாப் பெண்களின் கட்டையும் பிரித்து எண்ணுவான், அவள் கட்டை மட்டும் நாலைந்து வருஷத்துக்குப் பிறகு பிரிப்பதை விட்டுவிட்டான். அந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வந்தால்தானே. இருபத்தைந்து. இடது கைச் சுண்டுவிரலை மடக்கினாள். ஒரு கட்டு. எதிரில் ஆள் வந்து நின்றாலே தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்கிற பிறவி. கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் இருந்தது ஏழு மாதமும் பதினொரு நாளும். அந்த வீட்டில் மத்தியானம் ஆறு பேருக்கு ஆறு இலை விழும். அவளைச் சேர்த்தால் ஏழு பேர். ஏழாவது இலை ஒருநாள்கூட விழவில்லை. யாராவது எழுந்த இலையில் அவள் உட்கார வேண்டும். இருநூற்று இருபத்து நாலு மத்தியானம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று அப்பா கேட்டபோதும் இலைக் கணக்கை அவள் சொல்லவில்லை. அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால். முப்பத்தொன்று. திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் திறந்திருக்கலாம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.

சங்கரன் அவளுடைய ஒரே தம்பி, ஒன்பது வயது இளையவன், திருநெல்வேலியில் உத்தியோகம். போன வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை இல்லை, போன வாரத்து வியாழக்கிழமைதான், பத்து நாள்தான் ஆகிறது, ஆனால் நினைத்து நினைத்து அது தேய்ந்துபோய்ப் பழையது மாதிரி இருக்கிறது. கோயிலுக்கு வந்த வழியில் பெண்டாட்டி மல்லிகாவோடு உள்ளே நுழைந்தான். ஆவுடை காப்பி போட்டுக் கொண்டுவந்து மல்லிகா கையில் கொடுத்தாள். ஓட்டுக்குக் கீழே அடித்திருக்கிற மரத்தட்டின் இடுக்கிலிருந்து கடுகு மாதிரி ஒன்று நேராக டம்ளருக்குள் விழுந்தது. நாள் முழுக்க விழாதது, அவள் காப்பிக்கென்றே காத்திருந்த மாதிரி. மல்லிகா டம்ளரை இரண்டு விரலால் பிடித்துத் தரையில் வைத்தாள். "ஆளு புழங்குத வீட்ல வவ்வா அடையுமா? பாழடைஞ்ச வீட்லதான் அடையும்" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால்தான் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை முழத் தூரம் இருக்கும். ஆளு புழங்குத வீடாம். நாற்பத்தாறு. காலையில் ஐந்தே காலுக்கு வாசல் தெளித்தவள் யார், ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தப் புழுக்கையைக் கூட்டி அள்ளுகிறவள் யார், தண்ணீர்ப்பானைக்குத் துணி கட்டி, பாய்க்கு மேலே எட்டுத் தாள் பேப்பர் விரித்து, காலையில் அதைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் யார். இவர்கள் வந்து உட்காருகிற அரைமணி நேரத்துக்கு ஊதுபத்தி நாலு கொளுத்தி வைத்தவள் யார். ஐம்பது. மோதிர விரல். இரண்டு கட்டு. அந்த நேரம் பார்த்து சங்கரனுக்கு போன் வந்தது. அப்பா வீட்டை வாங்குகிற ஆள் போலிருக்கிறது. "ஆமா, வீடு சும்மாத்தான் கெடக்கு. இல்ல, யாரும் இல்ல. ஞாயித்துக்கெழமக்கு மறுஞாயிறு ஆள் கூட்டிட்டு வந்து ஓட்டைப் பிரிச்சிரலாம்." யாரும் இல்லை என்று சொல்லும்போது அவன் கண் அவள்மேல்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. மறைந்து நின்று சொல்லியிருந்தால்கூட, வெட்கப்படுகிறான் என்று விட்டிருப்பாள். பார்த்துக்கொண்டே சொன்னான், சுவரைப் பார்க்கிறது மாதிரி. ஐம்பத்து நான்கு. போனை வைத்துவிட்டு, "அக்கா, நீ எங்ககூட வந்திரு. இந்த வவ்வாக் கூட்டத்துக்குள்ள இன்னும் எத்தன நாள் கெடப்ப?" என்றான். எலி கத்துகிற மாதிரி ஒரு குரலில் அவள் கேட்டாள்: "வவ்வா போயிட்டுன்னா?" அவன் சிரித்தான். "போயிட்டுன்னா நீயே இரு. நான் என்னத்துக்குப் பிரிக்கப்போறேன்? ஆனா அது எங்க போவும்?" மல்லிகாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பத்து நாள் நாற்காலி.

"என்ன மதினி, தெருவுல நாற்காலி போட்டாச்சு, இன்னைக்குக் கச்சேரி உண்டுமா?" பின்னாலிருந்து செண்பகம். நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், கண் கீரையில் இல்லை. அறுபத்தொன்று, பதில் சொன்னால் ஒன்று தப்பிவிடும், அறுபத்திரண்டு. "தெனமும் எண்ணுதியளே, எண்ணி அதுகளுக்கு ரேஷன் கார்டு எடுக்கப்போறியளா?" என்று அவளே தொடர்ந்தாள். ஏணியடியிலிருந்து முத்துக்குட்டி, "ஆமா, அரிசியை உங்க வீட்லதான் வந்து வாங்கும்" என்றான். "வாங்கட்டும், எங்க வீட்ல ஆம்பள ஒருத்தர் தலைகீழாத்தான் தொங்குதாரு, கூட நூறு தொங்குனா என்ன?" என்று சொல்லிவிட்டு செண்பகம் தானே சிரித்துக்கொண்டாள். ஆவுடைக்கும் வாய்க்குள் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்ததே கோபமாக இருந்தது. அறுபத்தைந்தா, அறுபத்தாறா? விரலைப் பார்த்தாள். கட்டைவிரல் நுனி தானாகவே நடுவிரலின் இரண்டாவது ரேகையில் நின்றது. அறுபத்தாறு. வாய்தான் இப்படி, கை ஒருநாளும் கைவிட்டதில்லை. அறுபத்தேழு. ஒன்று திரும்பி உள்ளே போயிற்று, கண்ணால் பார்த்தாள், வலது கைச் சுண்டுவிரல். எதை மறந்துவிட்டு உள்ளே போகிறாய், உனக்கு என்ன அங்கே வைத்திருக்கிறது, போ வெளியே. சங்கரனின் வீடு நாலாவது மாடி, எழுபத்திரண்டு படி. போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது கூட்டிக்கொண்டு போனான், பதினொரு நாள் இருந்தாள். படுக்கை கூடத்தில், டிவிக்கு எதிரே. டிவி அணைந்த பிறகுதான் அவள் பாயை விரிக்கலாம். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. பதினொரு நாளில் அதை மாட்ட ஒருத்தருக்கும் கை வரவில்லை. "உள்ள ஆள் இருக்குன்னு தெரியணும்லா மதினி, குளிக்கும்போது ஒரு சத்தம் குடுத்துட்டே இருங்க" என்று மல்லிகா சொன்னாள். சத்தமாம். என்ன சத்தம் கொடுப்பது. பாட்டா. அவள் வாளியைத் தட்டிக்கொண்டே குளித்தாள், ஒரு கையால் தட்டிக்கொண்டு, ஒரு கையால் போகணியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு. தட்டுகிற கை நின்றால் கதவு திறந்துவிடுமோ என்று சோப்புப் போடவே இல்லை. எழுபத்தைந்து, நடுவிரல். மூன்று கட்டு. அந்த வாளியை நினைத்தாலே இப்போதும் காது சூடாகிறது. அங்கேதான் இனிமேல் சாகிற வரைக்கும் என்றால் இன்றைக்கே இந்தத் தெருவில் உட்கார்ந்து செத்துப்போகலாம்.

இருட்டிக்கொண்டு வந்தது. பிளவு இப்போது சுவரைவிடச் சற்றே கறுப்பான ஒரு கோடு. தெருவிளக்கு எரிந்ததும் விளிம்பு தெரிந்தது. நூறு. ஆட்காட்டி விரல். ஒரு மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போனது, கண்ணுக்குள் மஞ்சள் புள்ளி மிதந்தது, மிதக்கும்போது ஒன்று விழுந்த மாதிரி இருந்தது, விழுந்ததா, விழுந்ததுதான், மேலே எழுந்து விளக்கைச் சுற்றுகிறது, நூற்றொன்று. இதையெல்லாம் சங்கரன் எண்ணுவானா. அவனுக்கு எண்ணத் தெரியாது என்று இல்லை, எண்ண வேண்டியதை எண்ணத் தெரியாது. நூற்றுப் பதினாறு. இன்னொன்று உள்ளே திரும்பியது, வலது கையில் இரண்டு. நூற்று இருபத்தைந்து வந்ததும் கட்டைவிரலையும் மடக்கினாள், இடது கை முட்டியாக மூடிக்கொண்டது. ஐந்து கட்டு. இனி ஒற்றையாக எண்ண வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று விழுந்தபோது ஆறு ஐம்பது. உள்ளே போன இரண்டும் பாக்கி. ஐம்பத்தொன்றுக்கு ஒன்று வந்தது. மற்றது வரவில்லை. வராதா, வா, இறங்கு, உன் ஒருத்திக்காக நான் எழுபத்திரண்டு படி ஏற மாட்டேன், இறங்குடி. ஐம்பத்து நான்குக்கு அது வந்தது. விழுந்து, விரித்து, செண்பகம் வீட்டுக் கூரையைத் தாண்டிப் போயிற்று. ஆவுடை மூடிய முட்டியை மடியில் அழுத்திக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஐந்து கட்டும் பதினெட்டும், ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். "என்னக்கா, எல்லாம் போயிட்டா?" என்று முத்துக்குட்டி எழுந்தான். "நல்லாப் பாத்துக்கிடுங்க. பூசினப்புறம் உள்ள ஒண்ணு இருக்குன்னு சொன்னா நான் ஏற மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்." "போயிட்டு" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்து இன்னொரு தடவை சொன்னாள்: "எல்லாம் போயிட்டு. என் கணக்கு தப்பாது." அவன் ஏறினான். வலையை மடக்கித் திணித்தான், கரண்டியால் கலவையை வீசி வீசி அடித்து இழுத்துப் பூசினான். கறுப்புக் கோடு சாம்பல் கோடாயிற்று. பத்து நிமிட வேலை. பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்குத்தான் ஓட்டைப் பிரிக்க வேண்டும், வீட்டை இடிக்க வேண்டும், ஒரு மனுஷியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் ஏணியைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "விடிய ஒரு தடவ தண்ணி தெளிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

வழக்கமாக எண்ணி முடித்ததும் நேரே பின்கட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவாள். இன்றைக்குப் போகவில்லை. முன்னறையில், மரத்தட்டுக்கு நேர் கீழே, விளக்குப் போடாமல் உட்கார்ந்தாள். சத்தம் இல்லாத வீட்டைக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று இருந்தது. மூன்று வருஷமாகக் கேட்காதது. அப்பா செத்துப்போன வருஷம் வந்த முதல் கூட்டத்திலிருந்து, ஒவ்வொரு மழைக்கும் பெருகிப் பெருகி. போன் அடித்தது. சங்கரன். "என்னக்கா, அடைக்கப்போறேன்னியே, என்னாச்சு?" கேட்கும்போதே சிரிப்பு இருந்தது. அடைக்கப்போவதைக் காலையில் அவன் கூப்பிட்டபோது சொல்லியிருந்தாள். "அடைச்சாச்சு" என்றாள். "எல்லாம் போயிட்டா?" "நூத்தி நாப்பத்தி மூணும் போயிட்டு." "எண்ணுனியாக்கும்" என்றான், பிறகு, "சரி. வந்து பாக்கேன்" என்று வைத்துவிட்டான். குரலில் இருந்த சிரிப்பு போயிருந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன், என்று நினைத்துப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமில்லை, யாரோ இரவல் கொடுத்த சேலை மாதிரி இருந்தது, ஆனாலும் உடுத்திப் பார்த்தாள். அப்போதுதான் கேட்டது. ஈ என்று ஊசி முனையால் கீறுகிற மாதிரி ஒன்று. பலகைக்கு மேலே, மூலையில். பூச்சியாக இருக்கும். மறுபடியும். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வேறொரு இடத்திலிருந்து. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியாதபடி, ஒன்றின்மேல் ஒன்றாக, பலகை முழுக்க ஊசி. அவள் எழுந்து நாற்காலியில் ஏறிப் பலகையில் காதை வைத்தாள். நகம் தேய்கிற சத்தம். மிகச் சின்ன நகம். சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்த வேகத்தில் கோபம் உச்சியில் ஏறிற்று. குஞ்சு. பறக்காத குஞ்சு. பத்து நாளும் தாய்மார்கள் இரை தேடப் போனதை அவள் எண்ணியிருக்கிறாள். போக முடியாமல் உள்ளே கிடந்ததை எண்ணவே இல்லை. வெளியே வந்தால்தானே கணக்கில் வரும். எண்ணி முடித்த கையோடு பின்கட்டுக்குப் போய்விடுகிறவளுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும். இரண்டு திரும்பி உள்ளே போயினவே, எதற்கென்று ஒரு தடவை யோசித்தாளா.

சாகட்டும், என்றாள், வாய்விட்டே. யார் இதுகளைக் கூப்பிட்டது. இறங்கி உட்கார்ந்தாள். சாகட்டும். நாளை பதினோரு மணிக்குச் சங்கரன் வருவான், பூச்சைப் பார்ப்பான், பத்து நிமிடம் உட்காருவான். அதற்குள் இதுகள் சத்தம் ஓய்ந்திருக்கும், ஓயாவிட்டாலும் அவன் காதுக்கு எட்டாது. ஒரு வாரம் நாறும். நாறட்டும். ஊதுபத்தி இருக்கிறது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்கு என்ன புதுசா, வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தாள், அதற்கு ஒரு தடவையாவது பலன் கிடைக்கிறதென்றால் இந்தத் தடவைதான். பேசாமல் இரு, வீடு உனக்கு. பலகைக்கு மேலே ஊசிகள் ஓயவில்லை. வெளியே ஏதோ சுவரில் பட்டது. ஈரத்துணியை அடிக்கிற மாதிரி, மெதுவாக. மறுபடியும். அவள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வந்து வந்து பூச்சில் மோதிக்கொண்டிருந்தன, வழுக்கி விழுந்து, சுற்றி, திரும்ப வந்து. எத்தனை என்று பார்த்தாள். ஒன்றே பத்துத் தடவை வருகிறதா, பத்தும் ஒவ்வொரு தடவை வருகின்றனவா தெரியவில்லை. கட்டைவிரல் ரேகையில் நிற்க இடம் தேடித் தேடி நழுவியது. அவளுக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது, பார்த்துப் பூசாத முத்துக்குட்டிமேல், இறங்கத் துப்பில்லாத குஞ்சுகள்மேல், சிரித்தவர்கள்மேல், முட்டியை மடக்கிக்கொண்டு தப்பாது என்று சொன்ன தன் வாய்மேல். உள்ளே இருப்பதை இல்லை என்று சொல்லி அடைத்தாகிவிட்டது. சொன்னது யார். சங்கரன் இல்லை. செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் அகப்பட்டது, அதையும் உதறிவிட்டு நடந்தாள். முத்துக்குட்டியின் சைக்கிள் தெருமுனை டீக்கடையில் நின்றது, ஏணி நடுரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் நடந்துபோய்ச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. தெரு நடுவில் நின்று, "ஏ முத்துக்குட்டீ!" என்று கத்தினாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. டீக்கடையில் ஏழெட்டுத் தலை திரும்பியது. செண்பகம் கீரையோடு வெளியே ஓடி வந்தாள். "வா இங்க! பூசுனத எடு! என் கணக்கு தப்பு!"

அவன் டம்ளரோடு வந்தான். "என்னக்கா இது, நீங்கதான போயிட்டுன்னு சொன்னீங்க?" "சொன்னேன். தப்பா எண்ணிட்டேன். குஞ்சு கெடக்கு உள்ள." "ஏற மாட்டேன்னு அப்பமே சொன்னேன்லா. கட்டுனத அன்னைக்கே உடச்சிட்டு வந்தேன்னா என் பொண்டாட்டி என்னைய வேலைக்கே விட மாட்டா." "ஏணிய வச்சிட்டுப் போ. நான் ஏறுதேன்" என்று அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். அறுபத்து நான்கு வயதுக் கால் முதல் படியில் நிஜமாகவே ஏறிவிட்டது. "ஏ மதினி, விழுந்து கிழுந்து வைக்காதிய!" என்று செண்பகம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள், முத்துக்குட்டி டம்ளரைச் செண்பகத்திடம் தந்துவிட்டு, வாய்க்குள் ஏதோ வைதபடி ஏறினான். ஈரக் கலவை பாளம் பாளமாக வந்து தெருவில் விழுந்தது, ஒரு துண்டு ஆவுடையின் தோளில் விழுந்து ரவிக்கைக்குள் வழிந்தது. வலையை உருவியதும் கரண்டியை எடுக்கக்கூட இடம் கொடுக்காமல் அவன் காதோரமாக ஒன்று உள்ளே பாய்ந்தது, "எம்மா!" என்று அவன் ஏணியைக் கட்டிக்கொண்டான். செண்பகம் சிரித்தாள். ஆவுடை சிரிக்கவில்லை. ஏணி இறங்குமுன்னே அவள் போனை எடுத்துவிட்டாள். தானாக அவள் யாரையும் கூப்பிட்டதில்லை, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டினாள். "சங்கரா, நான் சொன்னது தப்பு. உள்ள குஞ்சு இருக்கு. திறந்துட்டேன்." அந்தச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்லா, அது எங்கயும் போவாதுன்னு. சரி விடு, காலையில ஆளக் கூட்டிட்டே வாரேன், நீ துணிமணிய எடுத்து வை." "ஆளக் கூட்டிட்டு வா" என்றாள். "ஓட்டப் பிரிக்க ஏணி போடணும்லா? ஏணி போடுத எடத்துல நான் உக்காந்திருப்பேன். என்னையத் தூக்கிப் போட்டுட்டுப் போடு. தெருவே பாக்கும்." "என்னக்கா பேசுத நீ? அக்கா? பக்கத்துல யாரு இருக்கா, யாரு சொல்லிக் குடுக்கா?" "யாரும் இல்ல, நான்தான் பேசுதேன்." போனுக்குள் மல்லிகா என்னவாம் என்று கேட்பது கேட்டது. சங்கரனின் குரல் இறங்கி, பேரம் பேசுகிற குரலாயிற்று. "சரிக்கா, சரி. குஞ்சு பறக்க எத்தன நாளாவும், அத மட்டும் சொல்லு. ஒரு வாரமா? பத்து நாளா? ஒரு கணக்கு சொல்லு." அவள் கை தானாக விரல்களை நோக்கிப் போயிற்று. அதை விரித்துச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "ஆவுத நாளு ஆவட்டும்" என்று சொல்லி, அவன் வைப்பதற்கு முன்னால் தானே வைத்தாள்.